எட்டங்குல ஓட்டை

சப்பாத்தைக் கழட்டத் தேவையில்லை தம்பி, அப்பிடியே வாரும். நிலம் எப்பிடியும் ஈரம்தான். மேலை வீட்டுக்காரர் உடுப்புத் தோய்க்கிற நேரம் இஞ்சாலை கொஞ்சம் ஒழுகும். அதிலை இராதையும், அதுக்கு ஒரு கால் ஆடுது. மற்றக் கதிரையிலை இரும்.

நீர்தானே ரெலிபோனிலை கதைச்சனீர்? குரலைக் கேட்டு வயசான ஆள் எண்டெல்லே நினைச்சனான். மிஷின் அந்தா, மூலையிலை, போர்வைக்குக் கீழை. ஆறுதலாப் பாரும். எட்டங்குல அலகு. ஒரு வின்ரர் மட்டும் பாவிச்சது, அதுவும் வின்ரர் முடியிற ஒண்டு ரெண்டு கிழமை. ஒண்டரை அடி ஐஸை ஒரு நிமிசத்திலை துளைச்சுக்கொண்டு போகும். விலையைப் பேந்து பார்ப்பம்.

ஏன் விக்கிறன் எண்டு கேட்டனீர். மீன்பிடி சீசன் துவங்கிற நேரத்திலை ஆராவது இதை விப்பினமோ எண்டு. களவெடுத்த சாமானோ எண்டு யோசிக்கிறீர் போல. இல்லைத் தம்பி. இந்தத் தோளைப் பாரும். கை இதுக்கு மேலை எழும்பாது. எலும்பு முறிஞ்சு பொருந்தினது, ஆனா கோணலாப் பொருந்திப்போச்சு. எப்பிடி முறிஞ்சதெண்டோ? என்ரை மனுசி அடிச்சவள். அலவாங்காலை, இரும்புக் கடப்பாரையாலை. சிரியாதையும். தேத்தண்ணி வைக்கிறன், குடியாமல் போகேலாது.

நான் கல்லுப் பதிக்கிற வேலை. வீட்டுக்கு முன்னாலை கார் விடுற பாதை, பின்வளவிலை முற்றம், படி. முப்பது வருசம் செய்தனான். மார்கழியிலை நிலம் இறுகினவுடனை முதலாளி எல்லாரையும் வீட்டை அனுப்பிப்போடுவான், பிறகு சித்திரையிலைதான் கூப்பிடுவான். மற்றவங்கள் அந்த நாலு மாசமும் குடிச்சுக்கொண்டு படுத்திருப்பாங்கள். நான் ஒரு துளி தொடமாட்டன். இதை முதலே சொல்லிப்போடுறன். ஏனெண்டா இந்தக் கதையைக் கேட்ட ஒவ்வொருத்தரும் "குடிச்சிருந்தனீரோ?" எண்டுதான் கேட்டவை. பொலிஸ்காரன் கேட்டவன். நீதவானும் கேட்டவர். "இல்லை ஐயா, நான் தேத்தண்ணிதான் குடிச்சிருந்தனான்" எண்டு நிமிர்ந்து நிண்டு சொன்னன். என்ரை லோயர் தன்ரை சப்பாத்தாலை என்ரை காலை மிதிச்சான். ஏன் மிதிச்சவன் எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை.

தை மாசக் குளிர் மனுசரைக் கொல்லும். ஆனா பெப்ரவரி பாதியிலை ஒரு வெயில் வரும் பாரும், ஸ்னோவிலை பட்டுக் கண்ணைக் கூசும். குளிர் இருக்கும், ஆனா கடிக்காது. கூரை விளிம்பிலை தொங்கிற ஐஸ் சொட்டத் துவங்கும். சனமெல்லாம் வெளியிலை வந்திடும். சறுக்குவினம், நாயளைக் கூட்டிக்கொண்டு நடப்பினம். எனக்கு வருசத்திலை பிடிச்ச காலம் அதுதான். யன்னலைக் கொஞ்சமாத் திறந்து வைச்சுக்கொண்டு வீட்டைத் திருத்துவன். இருபத்தாறு வருசம் அந்த வீட்டிலை இருந்தனான். நான் கழட்டிப் பூட்டாத கதவில்லை, பூசாத சுவரில்லை.

வின்ரரிலை பூட்டின வீட்டுக்குள்ளை சனம் மாசக்கணக்காக் கிடந்தா ஏதும் உடையும்தானே. இந்த நாட்டுச் சுவரும் ஒரு சுவரே? மட்டை. ட்றைவோல். ஒரு முட்டு முட்டினா ஓட்டை. நான் அந்த ஓட்டையைச் சுத்திச் சதுரமா வெட்டி, பின்னாலை ஒரு பலகைச் சிம்பு வைச்சு, புதுத் துண்டைப் பூட்டி, மூண்டு தரம் பூசித் தேய்ச்சுப் பெயின்ற் அடிச்சனெண்டா, அதிலை ஓட்டை இருந்தது எண்டு நீர் சத்தியம் பண்ணினாலும் ஒருத்தரும் நம்பாயினம். யோகமே சொல்லுவாள். யோகம் என்ரை மனுசி. "எந்த இடமெண்டு எனக்கே மறந்துபோச்சு" எண்டுவாள். சிரிக்காமல் சொல்லுவாள். அவள் சிரிக்கிற ஆள் இல்லை.

போன வருசம் பெப்ரவரித் துவக்கத்திலை என்ரை மகள் ஆரணி தன்ரை மாமனாரைக் கொண்டுவந்து விட்டாள். சதானந்தர். என்ரை சம்மந்தி. மனுசி செத்துப்போச்சு, மகனோடையும் ஆரணியோடையும் இருக்கிறார். ஊரிலை கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராய் இருந்தவர். மெலிஞ்ச ஆள், கழுத்திலை எந்த நேரமும் ஒரு மஃப்ளர். ஏதும் முக்கியமாக் கதைக்கிறதெண்டா முதல் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். எனக்கு அந்தப் பழக்கம் கண்ணிலையும் காட்டேலாது. கதைக்கிறதெண்டா கதைக்கிறதுதானே!

"அப்பா, மாமா பகல் முழுக்கத் தனிய இருக்கிறார். நீங்களும் சும்மாதானே. ரெண்டுபேருமா ஏதும் செய்யுங்கோ" எண்டாள் ஆரணி. கார்த் திறப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு வாசலிலையே நிண்டாள். உள்ளை வரேல்லை. அவளுக்கு எப்பவும் அவசரம்.

பங்குனியிலையிருந்து அவளுக்கு முழுநேர வேலை. நாலு வயசுப் பேத்தி, மிருணா, அவளைப் பகலிலை எங்களிட்டை விடுறதாக் கதை நடந்தது. யோகம்தான் கெஞ்சிக் கேட்டவள். அதுக்கு முதல் சம்மந்தியை இஞ்சை அனுப்பினது ஏனெண்டு நான் அப்ப யோசிக்கேல்லை. இப்பதான் விளங்குது. அவர் வேலை செய்ய வரேல்லை, தம்பி. வேவு பார்க்க வந்தவர்.

முதல் வேலை மேல்மாடிச் சுவர். ரெண்டு ஓட்டை. நான் பெட்டியைத் திறந்து சாமானை எடுக்கிறன், இவர் ஓட்டைக்குக் கிட்டப் போய் நிண்டு பார்க்கிறார்.

"சம்மந்தி, இது என்னெண்டு வந்தது?"

"அலுமாரி ஏத்தேக்கை முட்டிப்போச்சு."

"அலுமாரிக்கு மூலையெல்லே இருக்கும். இது வட்டமா இருக்கு."

"வட்டமான அலுமாரி" எண்டு சொல்லிச் சிரிச்சன்.

அவர் சிரிக்கேல்லை. தன்ரை கையைப் பொத்தினார். பொத்தி, மெதுவா, சாமி படத்துக்குப் பூ வைக்கிற மாதிரி, அந்த ஓட்டைக்குள்ளை வைச்சுப் பார்த்தார். "அளவாத்தான் இருக்கு" எண்டார். பிறகு கையை எடுத்துத் தூசியைத் தட்டிப்போட்டு, "எந்தப் பலகையை வெட்டவேணும்?" எண்டு கேட்டார். எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. ஆனா பொறுத்தனான். நான் பொறுக்கிற மனுசன், தம்பி. என்னைத் தெரிஞ்ச ஆரையும் கேட்டுப்பாரும்.

சுவர் முடிய எனக்கு ஒரு யோசினை வந்தது. மீன் குடில். நீரும் ஐஸிலை மீன் பிடிக்கிறவர்தானே, உமக்குத் தெரியும். ஆறடிக்கு எட்டடி, பலகைக் குடில், கீழை பழைய சறுக்குக் கட்டை ரெண்டு பூட்டி இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளை இருக்கிறதுக்கு ஒரு வாங்கு, சின்ன அடுப்பு, நிலத்திலை ரெண்டு ஓட்டை. கராஜுக்குள்ளை வைச்சு ரெண்டுபேரும் துவங்கினம். வெயில் உள்ளை விழும், பலகை மணக்கும், யோகம் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். சந்தோசமான நாளுகள், தம்பி. பொய் சொல்லேல்லை.

ஒருநாள் கதவுப் பலகையை அவர் ரெண்டங்குலம் குறைய வெட்டிப்போட்டார். நான் சொன்ன அளவு ஒண்டு, வெட்டினது ஒண்டு. கேட்டா, "நீங்கள் இதைத்தான் சொன்னனீங்கள்" எண்டு சொல்லுறார். என்ரை கராஜுக்குள்ளை நிண்டு எனக்கே பொய்க்காரன் பட்டம்! கையிலை சுத்தியல் இருந்தது. எறிஞ்சன். அவருக்கில்லை. அவருக்கு எறிஞ்சிருந்தா படாமல் போயிருக்குமே? அவரின்ரை காதுக்குப் பக்கத்தாலை போய் யன்னலை உடைச்சுக்கொண்டு வெளியிலை ஸ்னோவிலை விழுந்துது. அவ்வளவுதான்.

அவர் என்ன செய்தார் தெரியுமே? வெளியிலை போனார். ஸ்னோவுக்குள்ளை கையை விட்டுத் தேடி அந்தச் சுத்தியலை எடுத்தார். கொண்டுவந்து, பிடிப் பக்கத்தை எனக்கு நீட்டினார். "இந்தாங்கோ" எண்டார். கதவிலை யோகம் தேத்தண்ணித் தட்டோடை நிக்கிறாள். தட்டை நிலத்திலை வைச்சுப்போட்டு உடைஞ்ச கண்ணாடியைக் கூட்டத் துவங்கினாள். தும்புத்தடியை இடக்கையாலை பிடிச்சுக் கூட்டினாள்.

"தங்கச்சி, வலக்கைக்கு என்ன?" எண்டு சம்மந்தி கேட்டார்.

"கதவுக்குள்ளை நெரிஞ்சு போச்சண்ணை. மார்கழியிலை, நத்தார் நேரம்" எண்டாள்.

உண்மைதான். கதவுக்குள்ளைதான் நெரிஞ்சது. நான் கதவைச் சாத்தினது உண்மை. அவள் கையை அதிலை வைச்சிருப்பாள் எண்டு எனக்கென்ன தெரியும்? நான் அறைக்கு வெளியிலை நிக்கிறன், அவள் உள்ளை நிண்டு கதவைச் சாத்தாதையுங்கோ எண்டு பிடிக்கிறாள். பிடிச்சா நெரியும்தானே. ஆஸ்பத்திரியிலை அவளே நேர்சிட்டைச் சொன்னவள், "என்ரை பிழை" எண்டு. அவளின்ரை வாயாலை வந்த சொல்லு.

சரி, மீன் பிடிச்ச வாவிக் கதைக்கு வாறன். வடக்காலை ஒரு மணித்தியாலம் ஓடவேணும். நீர் எந்த வாவிக்குப் போறனீர்? ஆ, அதுதான். அப்ப உமக்கு அந்தக் கரை தெரியும். காலமை எட்டு மணிக்கு ஐஸிலை கால் வைக்கேக்கை நெஞ்சுக்குள்ளை ஒரு குளிர்மை வரும். எல்லாப் பக்கமும் வெள்ளை, ஒரு சத்தமில்லை. மிஷினை ஐஸிலை வைச்சு முடுக்கினா, அலகு சுத்திச் சுத்தி உள்ளை போகும், ஐஸ்தூள் மேலை வந்து குவியும், பிறகு டப்பெண்டு தண்ணி பொங்கும். அந்த நேரம் நான் சின்னப்பிள்ளை மாதிரி. சம்மந்தியும் சிரிப்பார். மஃப்ளருக்கு மேலை கண் மட்டும் சிரிக்கும்.

ஆனா அந்த மனுசனுக்கு மீன் பிடிபட்ட மாதிரி எனக்குப் பிடிபடேல்லை. அவர் தூண்டிலைப் போட்டுட்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் இருப்பார். நான் அஞ்சு நிமிசத்துக்கொருக்கா இழுத்துப் பார்ப்பன். அவருக்கு இருபது வரிமீன், எனக்கு நாலு. ஒருநாள் எனக்கொரு பெரிய மீன் கொழுவினது. இவ்வளவு நீளம், வாய் முழுக்கப் பல்லு. மேலை இழுத்துப் போட்டவுடனை அடிச்சுக்கொண்டு துள்ளினது, வாலாலை அடுப்பைத் தட்டிவிட்டுது. மரக்கட்டையாலை தலையிலை அடிச்சன். அடிக்கத்தானே வேணும், சும்மா மூச்சுத் திணறிச் சாக விடுறதோ? அது அசையாமல் கிடந்தாப்பிறகும் நான் அடிச்சனானாம். "சம்மந்தி, போதும். அது செத்திட்டுது. சம்மந்தி!" எண்டு மூண்டு தரம் சொன்னவராம். எனக்கு ஒருக்காத்தான் கேட்டது. பார்த்தா தலை எண்டு ஒண்டு இல்லை. என்ரை முகத்திலையும் சட்டையிலையும் செதிலும் ரத்தமும். "சமைக்க வால்பக்கம் இருக்குத்தானே" எண்டன். அவர் அண்டைக்கு அதுக்குப் பிறகு தூண்டில் போடேல்லை.

அடுத்த கிழமைதான் அந்த நீண்ட வாரவிடுமுறை, பெப்ரவரி மூண்டாம் திங்கள். அண்டைக்கு வாவி திருவிழா மாதிரி இருந்தது. பிள்ளையள் சறுக்குப் பலகையிலை, வெயிலெண்டா அப்பிடி ஒரு வெயில். ஆரணி மிருணாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள், யோகமும் வந்தாள். மருமோனுக்கு அண்டைக்கு வேலை. பெண்டுகள் மூண்டும் வெளியிலை ஸ்னோவிலை ஏதோ பொம்மை செய்யினம், நானும் சம்மந்தியும் குடிலுக்குள்ளை. அடுப்பு எரியுது. ஓட்டைத் தண்ணி பச்சையா மினுங்குது. நான் நல்ல சந்தோசமா இருந்தன். அதை நீர் விளங்கவேணும். நான் சண்டைக்குப் போகேல்லை.

அவர் கண்ணாடியைக் கழட்டினார். துடைச்சார்.

"சம்மந்தி, ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ."

"மிருணா உங்கடை வீட்டிலை நிக்கிறது சரிவராது."

"ஏன், என்ரை வீட்டுக்கு என்ன குறை?"

"வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. வடிவாத் திருத்தி வைச்சிருக்கிறியள்."

நக்கல், விளங்கினதோ? நான் அப்பவும் பொறுத்தன். "ஆரணி சொன்னவளோ?" எண்டு கேட்டன்.

"ஆரணி கலியாணத்துக்கு முதலே என்ரை மகனுக்கு எல்லாம் சொன்னவ. அவன் எனக்குச் சொன்னவன். ஆறு வருசமா எனக்குத் தெரியும். ஆனா கேட்டதை வைச்சு ஒரு மனுசனுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது எண்டு நானே வந்து பார்த்தன்."

"என்னத்தைப் பார்த்தனீங்கள்?"

"பதினொரு இடம் பூசியிருக்கிறியள். தங்கச்சி படுக்கிற அறைக்கதவடியிலை மட்டும் நாலு. எல்லாம் ஒரே உயரம்."

"யோகம் உங்களுக்கு ஏதும் சொன்னவளோ?"

"அவ ஒண்டுமே சொல்லேல்லை, சம்மந்தி. அதுதான் எனக்குப் பயமா இருந்தது."

நான் அவரின்ரை வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன். இன்னும் அசையுது. பேத்தியைப் பற்றி ஏதோ, பிள்ளையின்ரை வாழ்க்கை எண்டு ஏதோ. எனக்குக் காதிலை மிஷின் சத்தம் மாதிரி ஒரு இரைச்சல். பக்கத்திலை அகப்பை கிடந்தது, ஓட்டையிலை மிதக்கிற ஐஸை அள்ளுறதுக்கு, நீளக் காம்பு, இரும்பு. அதாலை வாயிலை அடிச்சன். ஒரு அடி. சரி, ரெண்டு. நீதவானுக்கு முன்னாலை அஞ்சு எண்டு வாசிச்சவை, அது பொய். பல்லு மூண்டு வாங்கிலை விழுந்து உருண்டது. கண்ணாடி அடுப்பிலை விழுந்துது. மனுசன் சத்தம் போடேல்லை. கையை முகத்துக்கு முன்னாலை வைச்சுக்கொண்டு, "பிள்ளையள் வெளியிலை நிக்கினம், பிள்ளையள் வெளியிலை நிக்கினம்" எண்டு ரத்தத்தோடை சொல்லுறார். அது எனக்கு இன்னும் கோவத்தைக் கிளப்பினது. எனக்குத் தெரியாதே பிள்ளையள் வெளியிலை எண்டு?

பிடரியிலை பிடிச்சுக் குனிய வைச்சன். முகத்தை ஓட்டைத் தண்ணியிலை வைச்சு அமத்தினன். கழுவத்தான், தம்பி. ரத்தம். கொலை செய்யப் பார்த்தனான் எண்டு எழுதினவை. எட்டங்குல ஓட்டை அது! அதுக்குள்ளை ஒரு மனுசன்ரை தலை போகுமே? முகம் மட்டும்தான் போகும். அதை நான் லோயருக்குச் சொன்னன், கோட்டிலை அலகைக் கொண்டுபோய்க் காட்டுவம், அளந்து பார்க்கட்டும் எண்டு. அவன் அதைச் செய்யேல்லை. நல்ல லோயர் கிடைச்சிருந்தா இந்தக் கதை வேறை.

அவரின்ரை கால் ரெண்டும் பலகையிலை அடிச்சுக்கொண்டிருந்தது. பிறகு அடி மெதுவாயிட்டுது. குடில் கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணிலை அடிச்சதாலை ஆரெண்டு தெரியேல்லை. நிலத்திலை சின்னச் சப்பாத்து ரெண்டு, ரோஸ் நிறம், அது தெரிஞ்சது. பிள்ளை ஒண்டும் கண்டிருக்காது. பிள்ளை பின்னாலை நிண்டது.

முன்னுக்கு நிண்டது யோகம். ஐஸ் தடிப்போ மெல்லிசோ எண்டு குத்திப் பார்க்கிறதுக்கு நாங்கள் ஒரு அலவாங்கு கொண்டு போறனாங்கள். அதை வெளியிலை கதவடியிலை குத்தி விட்டிருந்தன். அவள் அதை ரெண்டு கையாலையும் பிடிச்சிருந்தாள். அந்த வலக்கையாலையும்.

"விடுங்கோ அவரை" எண்டாள்.

முப்பத்தொரு வருசத்திலை அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "உள்ளை வராதை! போ!" எண்டு கத்தினன். கையை எடுக்கேல்லை. அவள் அடிச்சாள். சத்தம் முதல் கேட்டது, நோ பிறகுதான் வந்தது. காய்ஞ்ச தடி முறியிற சத்தம். கை தானா விட்டிட்டுது. சம்மந்தி தண்ணிக்குள்ளையிருந்து தலையைத் தூக்கி இழுத்தார் ஒரு மூச்சு, மாடு கத்தின மாதிரி. நான் திரும்பினன். அவள் ரெண்டாம் தரம் ஓங்கினாள். அடிக்கேல்லை. ஓங்கின கை அப்பிடியே நிண்டது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எப்பிடிச் சொல்ல? கோவமில்லை. நடுங்கேல்லை. எங்கை அடிச்சாச் சரியா விழும் எண்டு பார்க்கிற பார்வை. எனக்கு அண்டைக்குப் பயம் வந்தது, தம்பி. என்ரை சீவியத்திலை முதல் தரம். நான் வாங்குக்குக் கீழை ஒடுங்கினன். ஓம், ஒடுங்கினன். உமக்குச் சொல்ல வெக்கமில்லை.

"ஆரணி, பிள்ளையைக் காருக்குக் கொண்டு போ. பிறகு பொலிஸுக்கு ரெலிபோன் அடி" எண்டாள். சொல்லிப்போட்டு தன்ரை கோட்டைக் கழட்டி சம்மந்தியின்ரை தலையைத் துடைச்சாள். அலவாங்கை மடியிலை வைச்சுக்கொண்டே துடைச்சாள்.

பொலிஸ் ஸ்னோவிலை ஓடுற வண்டியிலை வந்தவை. நான் என்ன செய்வன்? என்ரை தோள் எலும்பு தோலுக்கு வெளியிலை தள்ளிக்கொண்டு நிக்குது. "இவள்தான் அடிச்சவள், இவளைப் பிடியுங்கோ" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை சொன்னன். நியாயம்தானே? ஆயுதம் அவளின்ரை கையிலை. ஒரு பொலிஸ்காரி யோகத்திட்டைப் போய்க் கேட்டாள், நீ அடிச்சனியோ எண்டு. நான் நினைச்சன், வழக்கம்போல, விழுந்து போனார், சறுக்கினவர் எண்டு ஏதும் சொல்லுவாள் எண்டு. ஆஸ்பத்திரியிலை சொல்லுறவள்தானே. ஆரணி படிக்கேக்கை பள்ளிக்கூடத்திலையிருந்து ஆள் வந்த நேரமும் அப்பிடித்தான் சொன்னவள்.

"ஓம், நான்தான்" எண்டாள். அலவாங்கை எடுத்து அந்தப் பெட்டையின்ரை கையிலை குடுத்தாள். பிறகு பனியிலையே இருந்துகொண்டு கதைக்கத் துவங்கினாள். தமிழ்தான். ஆரணி பக்கத்திலை நிண்டு இங்கிலீசிலை சொல்லுறாள். அண்டைக்கு நடந்ததைச் சொல்லியிருந்தாப் பரவாயில்லை. அவள் துவங்கினது எங்கடை கலியாணத்துக்கு அடுத்த கிழமையிலையிருந்து! வருசம் வருசமா. எந்த அறை, என்ன உடுப்பு, அண்டைக்கு என்ன கறி. எனக்கே மறந்ததுகள். ஆரணி ஒரு இடத்திலை நிப்பாட்டிப்போட்டு அழுதாள், "அம்மா, இது எனக்குத் தெரியாது" எண்டு. யோகம் அவளின்ரை கையைத் தட்டி, "சொல்லு பிள்ளை, அவ எழுதட்டும்" எண்டாள். என்னை வண்டியிலை ஏத்தேக்கையும் கதைச்சுக்கொண்டுதான் இருந்தாள்.

இதுதான் என்ரை ஆத்திரம், தம்பி. அடிச்சது இல்லை. அடியை நான் மன்னிச்சிட்டன். ஒருநாள், ஒரே ஒருநாள் எனக்கு முன்னாலை இருந்து, "இப்பிடிச் செய்யாதையுங்கோ, எனக்கு நோகுது" எண்டு ஒழுங்காச் சொல்லியிருக்கலாமெல்லே? அழுவாள், ஓம். குழறுவாள். காலிலையும் விழுந்திருக்கிறாள். ஆனா ஒழுங்காச் சொன்னது கிடையாது. எல்லாத்தையும் மனசுக்குள்ளை சேர்த்து வைச்சு ஆரோ ஒரு வெள்ளைக்காரிக்குச் சொல்லுறதே?

பொலிஸ் அவளைப் பிடிச்சுக்கொண்டு போகேல்லை. ஒரு உயிரைக் காப்பாத்த அடிச்சவ எண்டு எழுதிப்போட்டு விட்டிட்டினம். என்னை ஏழு மாசம் உள்ளை வைச்சவை. சம்மந்திக்குப் புதுப் பல்லு, நல்ல வரிசையாக் கட்டியிருக்கினமாம். ஒரு காதாலை இப்ப கேக்கிறது குறைவாம். கோட்டிலை அவரைக் கேட்டவை, இந்த ஆளைப் பற்றி ஏதும் சொல்ல விருப்பமோ எண்டு. எழும்பி நிண்டார். "அவர் வேலையிலை கெட்டிக்காரர்" எண்டார். அவ்வளவுதான், இருந்திட்டார். பார்த்தீரே? அவரே சொல்லியிருக்கிறார்.

வீட்டிலை யோகம் இருக்கிறாள். நான் அந்தத் தெருவுக்கே போகேலாது. ஆரணி ரெலிபோன் எடுக்காள். ஆனா போன மாசம் ஒரு காகிதம் வந்தது. பேத்தியை ஒரு மணித்தியாலம் பார்க்கலாம், ஒரு ஒபிசிலை, அவையின்ரை ஆள் ஒருத்தர் பக்கத்திலை இருக்க. என்ரை சொந்தப் பேத்தியை! ஆனா போனன். சவரம் எடுத்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு போனன். சுவரிலை முயல் படம் கீறின அறை. சின்னக் கதிரையள். ஒரு பெட்டை மூலையிலை கொப்பியோடை இருக்கிறாள்.

மிருணா வளர்ந்திட்டாள். முன்பல்லு ஒண்டு இல்லை. "தாத்தா" எண்டு சொன்னாள். ஆரோ சொல்லிக்குடுத்த மாதிரித்தான், ஆனா சொன்னாள். கட்டையளை வைச்சு ரெண்டுபேரும் ஒரு வீடு கட்டினம். நான் அத்திவாரம் எப்பிடிப் போடுறதெண்டு காட்டினன். நல்லா விளையாடினவள். அவளின்ரை தலைமயிர் கண்ணுக்கு முன்னாலை விழுந்துகொண்டிருந்தது. ஒதுக்கி விடுவம் எண்டு கையைத் தூக்கினன். இந்தக் கை, நல்ல கை.

அவள் படாரெண்டு குனிஞ்சாள். ரெண்டு கையாலையும் தலையை மூடிக்கொண்டு மேசைக்குக் கீழை போயிட்டாள்.

ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறாள் எண்டு நினைச்சு நானும் சிரிச்சன். "எங்கை மிருணாவைக் காணேல்லை, எங்கை மிருணாவைக் காணேல்லை" எண்டன். அவள் வெளியிலை வரேல்லை. மேசைக்குக் கீழை எட்டிப் பார்த்தன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

அதுக்குப் பிறகு நான் ரெண்டு கையையும் துடைக்குக் கீழை வைச்சு, அதுக்கு மேலை இருந்தன். அப்பிடி இருந்தா அவள் வருவாளோ எண்டு பார்த்தன். கொஞ்ச நேரத்தாலை வந்தாள், மேசையின்ரை மற்றப் பக்கத்தாலை. மிச்ச வீட்டைத் தனியக் கட்டினாள். நான் அரைமணித்தியாலம் கையை எடுக்கேல்லை, தம்பி. மூக்குக் கடிச்சது, சொறியக்கூட எடுக்கேல்லை. வெளியிலை வரேக்கை கை ரெண்டும் விறைச்சுப்போய் கதவுப் பிடியைத் திருப்பேலாமல் நிண்டன். அந்தப் பெட்டைதான் எழும்பி வந்து திறந்து விட்டவள்.

அவள் அந்த நேரம் முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நல்லதாத்தான் எழுதியிருப்பாள், என்ன? நான் ஒண்டும் செய்யேல்லையே.

ஏன் எழும்பிட்டீர்? தேத்தண்ணியை வாயிலையும் வைக்கேல்லை. சரி, கொண்டு போம். இல்லை இல்லை, நீரே தூக்கும், எனக்கு ஏலாது.